தண்ணீரில் கண்டமா? வாங்க, புலிக்கயம் போகலாம்!

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் ஒரு கோயமுத்தூர் பிரம்மச்சாரி என்ன செய்வான்? வாளியில் அழுக்குத் துணியை ஊறப் போடுவான். துணி ஊறுகிற நேரத்தில் கட்டிலில் தானும் ஊறுவான். சாயங்காலம் எழுந்து, 'இந்த வாரமும் போச்சுடா' என்று ஒரு பெருமூச்சு. முடிந்தது விடுமுறை!

நானும் அந்த வர்க்கம்தான். ஆனால் ஜூன் கடைசியில் மேற்கே மலை உச்சியில் கருமேகம் வந்து குந்திவிட்டால் எனக்குக் கால் தரையில் நிற்காது. சனிக்கிழமைக்கு ஒரு லீவு லெட்டர் எழுதி மேனேஜர் மேஜையில் பவ்யமாக வைத்துவிடுவேன்.

"எங்கே சார் கிளம்பிட்டீங்க?" என்றார் பக்கத்து சீட் பில்லிங் நண்பர்.

"ஆத்துக்கு."

"ஆத்துக்காரியே இல்லாத ஆளுக்கு ஏது சார் ஆத்து?"

"ஐயோ, இது தண்ணி ஓடுற ஆறுங்க. கோழிக்கோடு பக்கம். படகு விடப் போறேன். வர்றீங்களா?"

நண்பர் முகம் வெளிறியது. "என் ஜாதகத்துல தண்ணியில கண்டம்னு அம்மா சொல்லியிருக்காங்க."

"நம்ம ஆபீஸ்ல பாதிப் பேருக்கு அந்தக் கண்டம் உண்டு சார். ஆனா அது வேற தண்ணி!"

சிரித்தார். சிரித்தவர் தொலைந்தார். மறுநாள் விடிகாலை ரயிலில் என் பக்கத்து சீட்டிலும் அவரேதான்.

வெள்ளமும் வெள்ளமும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயில் நுழைந்ததும் காற்றின் வாசனையே மாறிவிடும். ஷொர்ணூர் தாண்டினால் பாரதப்புழா கூடவே ஓடி வரும். கோழிக்கோட்டில் இறங்கி, கோடஞ்சேரி பஸ்ஸில் ஏறி மலையைப் பார்த்து உட்கார்ந்தால், ரப்பர், ஜாதிக்காய், மிளகு என்று தோட்டமாக வரும். 1940-களில் திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து குடியேறிய விவசாயிகள் காட்டைத் திருத்தி உண்டாக்கிய ஊர்கள் இவை.

கோடஞ்சேரிக்குப் பக்கத்தில் புலிக்கயம். 'கயம்' என்றால் ஆழமான நீர்நிலை. நம் பழந்தமிழ்ச் சொல்தான்; நாம் மறந்துவிட்டோம், மலையாளத்தில் பத்திரமாக இருக்கிறது. புலி எப்போதோ போய்விட்டது. கயம் மட்டும் இருக்கிறது. கயத்துக்கு இப்போது கயாக் வந்திருக்கிறது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை. கடைக்கார சேட்டன், "சூடு வெள்ளம் வேணோ?" என்றார்.

நண்பர் என் காதைக் கடித்தார். "என்ன சார், எடுத்தவுடனே வெள்ளம்ங்கறார்? அதுவும் சூடாவா?"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர் என்று விளக்கிவிட்டு, கட்டன் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன். மழைக்காலத்தில் இந்த ஊர் ஆற்றில் அவர்கள் சொல்லும் வெள்ளத்துக்கும் நாம் சொல்லும் வெள்ளத்துக்கும் நடுவே அரை மணி நேரம்தான் இடைவெளி. அது சாயங்காலம் அவருக்கே தெரிந்தது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

ஆற்றின் பெயர் சாலிப்புழா. ஆறு என்பது கொஞ்சம் மரியாதை. துஷாரகிரி அருவிகள் பக்கமிருந்து இறங்கி வரும் பாறை ஓடை. கோடையில் செருப்பு நனையாமல் தாண்டலாம். தென்மேற்குப் பருவமழை வந்துவிட்டால், பாறைக்குப் பாறை மோதி, நுரை கக்கி, சலவைக்குப் போட்ட வேட்டி மாதிரி வெளுத்துப் போய் ஓடும். இது போய் இருவஞ்ஞிப்புழாவில் சேருகிறது. அது சாலியாற்றில் சேருகிறது. சாலியாறு பேப்பூரில் கடலில் கலக்கிறது. அரபு நாடுகளுக்கு மர உருக்கள் கட்டிக் கொடுத்த அதே பேப்பூர்தான்.

'இருவஞ்ஞி'யை நண்பர் 'இரு வஞ்சி' என்று கேட்டுவிட்டு, "ரெண்டு பொண்ணா சார்?" என்று உற்சாகமானார். எழுத்தே வேறு என்றேன். மேலும், மலையாளத்தில் வஞ்சி என்றால் படகு. நண்பரின் உற்சாகம் பாதியாகக் குறைந்தது.

மழையைத் தேடி வரும் ஆசாமிகள்

மழை வந்தால் ஊர் உலகம் வீட்டுக்குள் ஓடும். கயாக்காரர்கள் மட்டும் மழைக்கு எதிரே ஓடி வருவார்கள். ரிஷிகேஷில் கங்கை பெருக்கெடுப்பதால் ஜூலை, ஆகஸ்டில் படகு விளையாட்டை நிறுத்திவிடுவது வழக்கம். அப்போது இங்கே சீசன் சூடு பிடிக்கும். தண்ணீரும் இமயமலை மாதிரி பனிக்கட்டி ரகம் இல்லை. நம் வீட்டுத் தொட்டித் தண்ணீர் ரகம்.

2013-ல் இங்கே மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்று ஒரு போட்டி ஆரம்பித்தார்கள். புலிக்கயத்திலும், இருவஞ்ஞிப்புழாவில் இலந்துகடவிலும் நடக்கும். ஐரோப்பாவிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ஜெயித்தவருக்கு 'ரேபிட் ராஜா', பெண்களுக்கு 'ரேபிட் ராணி' பட்டம். நம்மூர்ச் சினிமா டைட்டில் மாதிரி இல்லை?

கயாக் பனிப் பிரதேசத்து எஸ்கிமோக்களின் வேட்டைப் படகு. எலும்பாலோ மரத்தாலோ கூடு கட்டி, மேலே கடல்நாய்த் தோலை இழுத்துத் தைப்பார்கள். இப்போது எல்லாம் பிளாஸ்டிக். பாறை ஓடையில் விடுகிற படகு எட்டொன்பது அடி நீளம், சுமார் 20 கிலோ எடை. நடுவில் ஒரு ஓட்டை. அதில் இடுப்பு வரை நுழைந்து உட்கார வேண்டும். இடுப்பைச் சுற்றி ரப்பர் பாவாடை மாதிரி ஒன்று. அதை ஓட்டையின் விளிம்பில் இழுத்து மாட்டிவிட்டால் உள்ளே சொட்டுத் தண்ணீர் வராது.

"பாவாடையா?" என்றார் நண்பர்.

"ஆமா. ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், பாவாடை. மூணும் போட்டாத்தான் படகு."

கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். "என் கல்யாண புரோக்கர் கண்ணுல மட்டும் பட்டுடக்கூடாது சார்!"

முதல் பாடம்: கவிழ்வது

சொல்லிக் கொடுத்த பையனுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். உள்ளூர்க்காரன். தமிழ் சினிமா பார்த்தே தமிழ் கற்றவன். நாங்கள் அவனை 'மாஸ்டர்' என்றோம். அவன் எங்களை 'சேட்டா' என்றான்.

"சேட்டா, முதல்ல கவிழணும்" என்றான்.

"கவிழாம ஓட்டத்தானப்பா வந்திருக்கோம்?"

"கவிழப் படிச்சாத்தான் ஓட்டப் பயம் போகும். பேடிக்கண்டா."

அமைதியான கயத்தில் நண்பரைப் படகோடு தலைகீழாகத் திருப்பினான். தண்ணீருக்கடியில் மூன்று விஷயம் செய்ய வேண்டும். படகின் அடிப்பக்கத்தை மூன்று தட்டு தட்ட வேண்டும். பாவாடையின் முன்னால் இருக்கும் வாரைப் பிடித்து இழுக்க வேண்டும். பிறகு முன்பக்கம் குனிந்து, பேண்ட்டைக் கழற்றுகிற மாதிரி படகைக் கழற்றிவிட்டு வெளியே வர வேண்டும். நண்பர் மூன்று தட்டுக்குப் பதில் முப்பது தட்டு தட்டினார். நாலைந்து முறை ஆனதும் ஓர் ஆச்சரியம்: பயம் போய், தானே கவிழ ஆரம்பித்துவிட்டார். 'கண்டம் கழிந்தது' என்று அறிவித்தார்.

இரண்டாவது பாடம் படகில் இல்லை, கரையில். எங்களைப் பாறை மேல் உட்கார வைத்து ஆற்றைக் காட்டினான் மாஸ்டர். "இனி நோக்கு. பேசாதே."

பத்து நிமிடம் பார்த்தோம். வெறும் நுரையாகத் தெரிந்த ஆற்றில் மெதுமெதுவாக எழுத்துத் தெரிய ஆரம்பித்தது.

மேலிருந்து கீழே பார்க்கும்போது தண்ணீர் இரண்டு பக்கமும் ஒடுங்கி, கூர்நுனி கீழ்நோக்கி இருந்தால் அது வழி. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஆறு நமக்காகத் திறந்து வைத்திருக்கும் கேட். கூர்நுனி நம்மைப் பார்த்து மேல்நோக்கி இருந்தால், அந்த நுனியில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது.

பெரிய பாறையின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும். ஆறு கீழே ஓட, அந்த ஓரத் தண்ணீர் மட்டும் ஏறி வரும். படகை அதில் திருப்பிவிட்டால் அலுங்காமல் நிற்கலாம், மூச்சு வாங்கலாம். மேனேஜர் ரவுண்ட்ஸ் வரும்போது நாம் ஒதுங்குகிற ரெக்கார்டு ரூம் மாதிரி.

அங்கிருந்து மறுபடி ஓட்டத்தில் நுழையும்போது ஓட்டம் போகிற திசையில் சாய வேண்டும். ஓடுகிற டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. படகு பாறையில் பக்கவாட்டில் மோதினால், பாறையை விட்டு விலகிச் சாயக்கூடாது. பாறையைக் கட்டிப் பிடிக்கிற மாதிரி அதன் மேலேயே சாய வேண்டும். விலகினால் மேலிருந்து வரும் தண்ணீர் படகின் ஓரத்தை அமுக்கிக் கவிழ்த்துவிடும்.

"பிடிக்காத ஆபீஸரைப் பார்த்தா ஒதுங்கக்கூடாது, ஒட்டிக்கணும்ங்கறீங்க" என்றார் நண்பர். சட்டென்று பிடித்துக்கொண்டார்.

பிறகு மாஸ்டர் முகத்தில் சிரிப்பு போயிற்று. பயப்பட வேண்டியவை மூன்று என்றான். ஒன்று, ஆற்றுக்குக் குறுக்கே விழுந்த மரம். கிளைகளின் வழியே தண்ணீர் போய்விடும், மனுஷன் போக மாட்டான். டீ வடிகட்டியில் தூள் நிற்கிற கதைதான். இரண்டு, தடுப்பணை. மேலேயிருந்து விழும் தண்ணீர் அடியில் சுருண்டு திரும்பித் திரும்பி வரும். சிக்கினவனை வெளியே விடாது. பார்க்க நேர்கோடாக, அழகாக, சாதுவாக இருக்கும். அதுதான் ஆபத்து. மூன்று, ஓடுகிற தண்ணீரில் எழுந்து நிற்பது. முட்டி அளவுதான் தண்ணீர் என்று காலை ஊன்றினால் பாதம் பாறை இடுக்கில் மாட்டும். தண்ணீர் முதுகில் ஏறி ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். விழுந்தால் மல்லாந்து, பாதம் முன்னால், கால்விரல் வெளியே தெரியும்படி மிதந்து போக வேண்டும்.

ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. ஒரு மாருதி 800 காரைவிட அதிக எடை. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நாலு மடங்கு. முட்டியளவுத் தண்ணீர் என்று அலட்சியமாகச் சொல்கிறோமே, நொடிக்கு நொடி கார்கள் வந்து முட்டியில் இடிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே வெயில், கீழே மாற்றம்

சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை ஓடினோம். நண்பர் கயத்திலேயே நின்றுகொள்ள, நானும் மாஸ்டரும் இன்னும் இரண்டு பேரும் மேலேயிருந்து இறங்கினோம். ஓடைகளின் கஷ்டத்துக்கு 1-லிருந்து 6 வரை வகுப்பு உண்டு. நாங்கள் ஓடியது 2, நடுவே ஓரிடம் 3. ஆறாம் வகுப்பு என்பது உயிருக்கு உத்தரவாதம் இல்லாதது. நான் மூன்றாம் வகுப்பில் திருப்தியாக இருப்பவன். பிரமோஷன் கேட்பதாக இல்லை.

அந்த நாலு நிமிடத்தை எப்படிச் சொல்வது? காதில் இரைச்சல் தவிர வேறில்லை. கண் அடுத்த பாறையைத் தவிர எதையும் பார்க்காது. போன வாரத்து டேலி ஆகாத கணக்கு, வீட்டு வாடகை, கிரெடிட் கார்டு பாக்கி எதுவும் ஞாபகத்தில் இல்லை. வருஷம் முழுக்க ஓடுகிற மூளைக்கு நாலு நிமிடம் லீவு. அதற்குத்தான் ரயில் செலவு.

மோட்டா அரிசிச் சோறும் மத்தி வறுவலும் முடித்துத் திரும்பினோம். வானத்தில் பளீரென்று வெயில். படகைத் தூக்கினேன். "நில்லு சேட்டா" என்றான் மாஸ்டர்.

ஆற்று நடுவே ஆமை முதுகு மாதிரி ஒரு பாறை. காலையில் முதுகு காய்ந்திருந்தது. இப்போது விளிம்பில் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர், பால் விட்ட டீ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சருகும் சுள்ளியும் கும்பலாக மிதந்து வந்தன. மாஸ்டர் மலையைப் பார்த்தான். உச்சி தெரியவில்லை.

"மேலே நல்ல மழை. இன்னிக்கு மதி."

போதும் என்று அர்த்தம். தோழர்களில் ஒருவர், "இன்னும் ஒரே ரவுண்டு" என்றார். மாஸ்டர் பதில் பேசவில்லை. தன் படகைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். பட்டம் வாங்கிய ராஜாக்களும் இதைச் செய்கிறார்கள். சரியில்லாத இடம் வந்தால் இறங்கிப் பார்ப்பது, பார்த்துவிட்டுப் படகைச் சுமந்துகொண்டு நடப்பது இந்த விளையாட்டின் ஒரு பகுதி. அதற்கு யாரும் மார்க் குறைப்பதில்லை.

அப்போதுதான் கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஏழெட்டு இளைஞர்கள். மேட்டில் நின்ற வேனில் டி.என். நம்பர். பாதிப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில். ஒருவன் நடு ஆற்றுப் பாறை மேல் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் விசில் ஊதினான். கை காட்டி, "கேறிக்கோ! கேறிக்கோ!" என்று கத்தினான். அவர்கள் பதிலுக்குக் கை ஆட்டினார்கள். டாட்டா காட்டுகிறான் என்று நினைத்திருக்க வேண்டும்.

நான் ஓடினேன். "டேய் தம்பிங்களா! மேல மழைடா! தண்ணி ஏறுது! கரைக்கு வாங்க!"

தமிழ்க் குரல் கேட்டதும் திரும்பினார்கள். "அண்ணே, அஞ்சு நிமிஷம்ணே!"

"அஞ்சு நிமிஷம் இல்லடா... இப்போ!"

பில்லிங் நண்பர் நேரே வேனுக்குப் போய், அவர்களுடைய டிரைவரை எழுப்பி ஹாரனை அடிக்க வைத்தார். அதுதான் வேலை செய்தது. வேன் கிளம்பப் போகிறது என்ற பயத்தில் எல்லோரும் கரைக்கு ஓடி வந்தார்கள். பாறைக்காரன் மட்டும் வரவில்லை. வர முடியவில்லை. அவன் நடந்து போன வழியில் இப்போது தொடையளவு தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. சிரிப்பு உறைந்துபோய் நின்றான். வயசு இருபதுகூட இருக்காது.

இந்த விளையாட்டில் ஒவ்வொருத்தனும் ஒரு கயிற்றுப் பை வைத்திருப்பான். பையை வீசினால் கயிறு தானே பிரிந்துகொண்டு போகும். மாஸ்டர் பாறைக்கு இணையாகக் கரையில் நின்று வீசினான். முதல் வீச்சிலேயே கையில் விழுந்தது. நான் மாஸ்டரின் ஜாக்கெட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கத்தினேன்: "தம்பி, கயித்தைக் கையில சுத்தாதே! நெஞ்சோட பிடி! மல்லாக்கப் படு! நிக்காதே!"

மிரண்டவன், சொன்னதை அப்படியே செய்தான். ஆறு அவனை இழுத்தது. கயிறு முறுக்கேறி என் குதிகால் சேற்றில் அழுந்தியது. அவ்வளவுதான், மீதியை ஆறே செய்தது. கடிகாரப் பெண்டுலம் மாதிரி அவனை வளைத்துக் கொண்டுவந்து கரையில் ஒதுக்கியது.

யாரும் பேசவில்லை. செல்போன் போயிருந்தது. ஒரு கட்டன் சாயா குடிக்கிற நேரத்துக்குள் அவன் நின்ற பாறை தண்ணீருக்குள் மறைந்தது. அதை அவனும் நின்று பார்த்தான்.

இந்த ஆற்றுக்குக் கதை உண்டு

ராத்திரி முக்கம் வழியாகத் திரும்பினோம். இருவஞ்ஞிப்புழாவின் கரையில் இருக்கும் ஊர். எஸ்.கே.பொற்றெக்காட் 1941-ல் எழுதிய 'நாடன் பிரேமம்' நாவல் நடப்பது இங்கேதான். அது கற்பனை. நிஜக் காதல் ஒன்றும் உண்டு. மொய்தீனும் காஞ்சனமாலாவும் மதத்தின் பெயரால் பிரித்து வைக்கப்பட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். 1982 ஜூலையில் இந்த ஆற்றில் தோணி கவிழ்ந்தபோது, மொய்தீன் மற்றவர்களைக் கரையேற்றப் போராடி, தான் மட்டும் வரவில்லை. 2015-ல் வந்த 'என்னு நின்டெ மொய்தீன்' படம் இவர்கள் கதைதான். தண்ணீரோடு பிறந்து வளர்ந்த ஊர்க்காரரையே மழைக்கால ஆறு கொண்டுபோயிற்று என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற்றைப் பார்க்கும் நாம் எம்மாத்திரம்?

இருவஞ்ஞி பிறக்கிற வெள்ளரிமலையின் மறுபக்கம்தான் வயநாடு. 2024 ஜூலை 30 விடிவதற்கு முன் நிலச்சரிவு வந்து முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்தது அந்தப் பக்கத்தில்தான். 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மலையில் பெய்கிற மழை கீழே இருப்பவனைக் கேட்டுக்கொண்டு வராது.

இதையெல்லாம் படித்துவிட்டு 'ஆறே வேண்டாம்' என்று துணியோடு ஊறப் போய்விடாதீர்கள். போங்கள், கட்டாயம் போங்கள். புலிக்கயத்தில் சீசனில் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நீச்சல் தெரிந்தால் நல்லது. தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். தனியாக இறங்காதீர்கள். 'வேற தண்ணி' உள்ளே போயிருந்தால் இந்தத் தண்ணீருக்கு வராதீர்கள். உள்ளூர்க்காரர் கரையில் நின்று கத்தினால், பாஷை புரியாவிட்டாலும் முதலில் கரை ஏறுங்கள். அர்த்தம் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

குற்றாலமோ, திருமூர்த்தி மலையோ, உங்கள் ஊர்ப் பக்கத்து ஓடையோ... இறங்குவதற்கு முன் கரையில் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கூர்நுனி எந்தப் பக்கம் காட்டுகிறது, நிறம் மாறுகிறதா, சருகு வருகிறதா, மலை உச்சி தெரிகிறதா? சந்தேகம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஆறு அடுத்த வாரமும் அங்கேதான் ஓடும். நாமும் அடுத்த வாரம் லீவு லெட்டர் எழுத வேண்டாமா?